பால் பல்லைக் காப்பது எப்படி: முதல் பல் முதல் ஆறாம் வயது வரை தாய்மார்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இரவெல்லாம் தூங்காமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுத மூன்றரை வயதுக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பல் மருத்துவமனை வரிசையில் நிற்கும் தாயிடம், எப்போதிலிருந்து இந்தச் சொத்தை என்று கேட்டால், "போன வாரம்தான் பார்த்தேன்" என்றே பெரும்பாலும் பதில் வரும். அவர் பொய் சொல்லவில்லை. போன வாரம் அவர் கண்ணில் பட்டது, ஒன்றரை இரண்டு வருடங்களுக்கு முன்பே தொடங்கிவிட்ட ஒரு நோயின் கடைசிக் கட்டம். மேலுதட்டுக்குப் பின்னால், ஈறை ஒட்டி, சுண்ணாம்பால் கோடு இழுத்தது போன்ற ஒரு வெள்ளைக் கீற்றாக அது தொடங்கியபோது குழந்தைக்கு வலிக்கவில்லை. வலிக்காததால் உதட்டைத் தூக்கிப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவுமில்லை.

இது ஏதோ ஒரு வீட்டுக் கதையன்று. 2002–03-இல் இந்தியா முழுவதும் நடத்தப்பட்ட தேசிய வாய்நல ஆய்வில், 5 வயதுக் குழந்தைகளில் 51.9 சதவீதத்தினருக்குச் சொத்தைப் பல் இருந்தது. பள்ளியில் சேரும் வயதிலேயே இரண்டில் ஒரு குழந்தை என்று கொள்ளலாம்.

தாய்மார்களிடம் அக்கறைக் குறைவு இருப்பதாக நான் நினைக்கவில்லை. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதிலும், சாம்பிராணிப் புகை காட்டுவதிலும், தடுப்பூசி அட்டையைப் பத்திரமாக எடுத்து வைப்பதிலும் குறை வைக்காத ஒருவர் வாயை மட்டும் கவனிக்காமல் விடுகிறார் என்றால், அவர் மனத்தில் இரண்டு எண்ணங்கள் ஊறிக் கிடக்கின்றன என்று பொருள். பால் பல் விழுந்து முளைக்கிற பல்தானே என்பது ஒன்று. வலி வந்தால்தான் நோய் என்பது மற்றொன்று. கீழே சொல்லப்படும் படிகள் எல்லாம் இந்த இரண்டையும் தாண்டுவதற்கானவை.

விழப்போகும் பல்லுக்கு ஏன் இத்தனை பாடு

பால் பற்கள் மொத்தம் 20. முதல் பல் ஏறக்குறைய ஆறாம் மாதத்தில் முளைக்கிறது. இரண்டரை மூன்று வயதுக்குள் இருபதும் வந்துவிடுகின்றன. முன்பற்கள் ஆறு ஏழு வயதில் விழுகின்றன என்பது எல்லோரும் அறிந்ததே. ஆனால் பால் கடைவாய்ப் பற்கள் பத்து வயது முதல் பன்னிரண்டு வயது வரை வாயில் இருக்க வேண்டியவை என்பது பலருக்குத் தெரிவதில்லை. மூன்று வயதில் கடைவாய்ப் பல் சொத்தையானால், அந்தப் பல் இன்னும் ஏழு முதல் ஒன்பது வருடங்கள் சோறு மெல்ல வேண்டியிருக்கிறது.

பால் கடைவாய்ப் பல்லின் வேர்களுக்கு நடுவில்தான் நிலைப் பல்லின் முளை உருவாகிக்கொண்டிருக்கிறது. மேலே சீழ் பிடித்தால் கீழே வளரும் புதுப் பல்லின் எனாமலில், அதாவது பல்லின் கெட்டியான மேலுறையில், தழும்பு விழக்கூடும். பால் பல்லைக் காலத்துக்கு முன்பே பிடுங்க நேர்ந்தால், பக்கத்துப் பல் அந்த இடத்தில் சாய்ந்துவிடும். பின்னால் வரும் பல் இடமின்றிக் கோணலாக முளைக்கும். வலியோடு மெல்லும் குழந்தை ஒரு பக்கமாகவே சாப்பிடும், சோற்றை உருண்டையாக்கிக் கன்னத்தில் அடக்கி வைக்கும், கறியையும் காயையும் ஒதுக்கும். "என் பிள்ளை சாப்பிடவே மாட்டேன் என்கிறான்" என்று புலம்பும் தாய் ஒருமுறை அவன் வாயைத் திறந்து பார்ப்பது நல்லது.

முதலில் பூச்சியை மறந்துவிடுங்கள்

நம் ஊரில் சொத்தைப் பல்லுக்குப் பூச்சிப் பல் என்றும் பெயர் உண்டு. பல்லுக்குள் புழு இருந்து அரிக்கிறது என்று நம்பி, கண்டங்கத்திரி விதையைச் சுட்டு அந்தப் புகையை வாய்க்குள் பிடிக்கும் வழக்கமும் இருந்தது. அப்படி ஒரு புழு கிடையாது. உண்மையில் நடப்பது வேறு: வாயில் இயல்பாகவே வாழும் நுண்ணுயிரிகள் நாம் உண்ணும் சர்க்கரையையும் மாவுப் பொருளையும் தின்று அமிலத்தைக் கக்குகின்றன, அந்த அமிலம் எனாமலில் உள்ள தாதுச்சத்தைக் கரைக்கிறது. அமெரிக்கரான மில்லர் என்ற பல் மருத்துவர் 1890-இலேயே இதை விளக்கிவிட்டார்.

பல்லின் மேற்பரப்பில் அமில காரக் குறியீடு (எண் குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று பொருள்) 5.5-க்குக் கீழே இறங்கும்போது எனாமல் கரையத் தொடங்குகிறது. எச்சில் அந்த அமிலத்தை மெல்ல மெல்ல முறித்து, கரைந்த தாதுவைத் திரும்பப் பல்லில் படியவைக்கிறது. இதற்கு அரை மணி நேரமோ அதற்கு மேலோ பிடிக்கும். ஆகவே எவ்வளவு இனிப்பு தின்றான் என்பதைவிட, ஒரு நாளில் எத்தனை முறை தின்றான், எச்சிலுக்கு வேலை செய்ய இடைவெளி கிடைத்ததா என்பதே முக்கியமாகிறது. வழிகாட்டியின் மற்ற பகுதிகளெல்லாம் இந்த ஒரு கணக்கிலிருந்து பிறப்பவை.

படி 1: பல் முளைக்கும் முன்பே பழக்கத்தைத் தொடங்குங்கள்

நாள்தோறும் குளிப்பாட்டியவுடன், சுத்தமான மெல்லிய பருத்தித் துணியைச் சுட்டு விரலில் சுற்றி, காய்ச்சி ஆறிய நீரில் நனைத்து, மேல் ஈறையும் கீழ் ஈறையும் ஒருமுறை மென்மையாகத் துடைத்துவிடுங்கள். பல்லே இல்லாத வாயில் சொத்தை வராதுதான். ஆனால் வாய்க்குள் விரல் வருவதை மூன்று மாதத்திலேயே பழகிய குழந்தை, ஒரு வயதில் பிரஷ்ஷைக் கண்டு அவ்வளவாக அலறாது.

பல் முளைக்கும் பருவத்தைச் சுற்றி நம்மிடம் பல பேச்சுகள் உண்டு. மேல் பல் முதலில் வந்தால் மாமனுக்கு ஆகாது என்பார்கள். பல்லின் வரிசை கொஞ்சம் முன்பின்னாக இருப்பது சாதாரணம், மாமன் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் பல் முளைக்கும்போது வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வரத்தான் செய்யும் என்ற நம்பிக்கையைச் சிரித்துக் கடந்துவிட முடியாது. ஈறு ஊறுவதால் குழந்தை கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கிறது; அதே ஆறு மாத அளவில்தான் தாயிடமிருந்து வந்த நோய் எதிர்ப்புச் சக்தியும் குறைகிறது. வயிற்றுப்போக்கு கிருமியால் வருவது. "பல்லு முளைக்குது, சரியாயிடும்" என்று இரண்டு நாள் காத்திருப்பதற்குள் குழந்தையின் உடலில் நீர் வற்றிவிடும். உப்புச் சர்க்கரைக் கரைசலான ஓ.ஆர்.எஸ். கொடுத்து மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஈறு ஊறலுக்குக் குளிர்ந்த ஈரத்துணியைக் கடிக்கக் கொடுப்பது போதும். ரப்பர் நிப்பிளைத் தேனில் தோய்த்துக் கொடுக்காதீர்கள். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் எந்த வடிவிலும் ஆகாது, பல்லுக்காக மட்டும் சொல்வதன்று. கிராம்பு எண்ணெயையும் ஈறில் தடவ வேண்டாம். பெரியவர்களின் வைத்தியமான அது குழந்தை விழுங்கினால் நஞ்சாகும்.

படி 2: இரவை ஒழுங்குபடுத்துங்கள்

ஒரே ஒரு படியைத்தான் பின்பற்ற முடியும் என்று யாராவது சொன்னால், இதைத்தான் நான் காட்டுவேன். சின்னக் குழந்தைகளின் முன்பற்கள் கரைந்து போவதற்குப் பெரும்பாலும் இரவே காரணம்.

தூங்கும்போது எச்சில் சுரப்பது மிகவும் குறைந்துவிடுகிறது, விழுங்குவதும் குறைகிறது. வாயில் பால் புட்டியை வைத்தபடியே தூங்கிவிட்ட குழந்தையின் மேல் முன்பற்களைச் சுற்றி, சர்க்கரை கலந்த பால் மணிக்கணக்கில் குளம் கட்டி நிற்கிறது. கீழ் முன்பற்களை நாக்கு மூடிக்கொள்வதாலும், நாக்கின் அடியிலிருந்து வரும் எச்சில் அங்கே படுவதாலும் அவை தப்பிக்கின்றன. மேல் நான்கு பற்கள் கரும்பழுப்பாகச் சிதைந்திருக்க, கீழ்ப் பற்கள் வெள்ளை வெளேரென்று இருக்கும் வாயைக் கண்டால், அந்த வீட்டின் இரவுப் பழக்கத்தைக் கேட்காமலே ஊகித்துவிடலாம்.

வெறும் பாலைவிட, அதில் சேர்க்கும் சர்க்கரை, கற்கண்டு, பனங்கற்கண்டு, சத்து மாவு, மால்ட் பவுடர், கரைத்த பிஸ்கட் ஆகியவைதான் பெரிய கேடு. பனங்கற்கண்டு நாட்டுச் சரக்கு, பல்லுக்கு ஒன்றும் செய்யாது என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். வாயில் உள்ள நுண்ணுயிரிக்கு வெள்ளைச் சர்க்கரை, நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி என்ற பேதம் தெரியாது.

புட்டியைத் திடீரென்று பிடுங்கினால் வீடே தூங்காது. பாட்டியின் வாயால் நீங்கள்தான் பேச்சு வாங்குவீர்கள். படிப்படியாகச் செய்யலாம். முதல் மூன்று இரவுகள், இரண்டு ஸ்பூன் சர்க்கரை போடும் இடத்தில் ஒன்றரை ஸ்பூன் போடுங்கள். அடுத்த மூன்று இரவுகள் ஒன்று, பிறகு அரை, பிறகு ஒன்றுமில்லை. இனிப்பு போன பின், பாலில் ஒவ்வோர் இரவும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே வந்தால், இரண்டு வாரத்தில் புட்டியில் வெறும் தண்ணீர்தான் இருக்கும். வெறும் தண்ணீருக்காக எழுந்து அழும் ஆர்வம் பெரும்பாலான குழந்தைகளுக்கு விரைவில் போய்விடும். இது இரவுப் புட்டிக்கு மட்டும்; பகலில் குடிக்கும் பாலில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், இரவுப் பாலின் சத்தை அங்கே ஈடுகட்டிக்கொள்ளலாம். ஒரு வயதை ஒட்டிப் புட்டியையே நிறுத்தி டம்ளருக்கு மாறிவிட வேண்டும். சங்கிலும் பாலாடையிலும் புகட்டிய நம் பாட்டிமார் இந்த ஒரு விஷயத்தில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். சங்கை வாயில் வைத்துக்கொண்டு எந்தக் குழந்தையும் விடியும் வரை தூங்க முடியாது.

தாய்ப்பால் கொடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடக் கூடாது. இரண்டு வயது வரையிலும் அதற்குப் பிறகும் கொடுக்கலாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஆனால் பல் முளைத்து, இட்லியும் சோறும் பிஸ்கட்டும் சாப்பிடத் தொடங்கிய குழந்தை, இரவு முழுவதும் மார்பை வாயிலேயே வைத்துக்கொண்டு தூங்குவது ஒரு வயதுக்கு மேல் சொத்தைக்கு இடம் கொடுக்கக்கூடும். படுக்கும் முன் பல்லைத் துலக்கிவிட்டுப் பால் கொடுங்கள். தூங்கியதும் மெல்ல விடுவித்துவிடுங்கள்.

படி 3: துலக்குவது உங்கள் வேலை, குழந்தையின் வேலையன்று

முதல் பல் எட்டிப் பார்த்த அன்றே பிரஷ் வாங்கிவிடலாம். தலை சிறியதாகவும் நார்கள் மிக மென்மையாகவும் இருக்க வேண்டும். காலையில் ஒருமுறை, இரவு படுக்கும் முன் ஒருமுறை. இரண்டில் எதை விட்டாலும் இரவை விடாதீர்கள். நம் வீடுகளில் இதற்கு நேர்மாறாக, காலைத் துலக்கல் கடவுள் வழிபாடு போலத் தவறாமல் நடக்கும், இரவில் கேட்பாரில்லை.

பேஸ்ட் எவ்வளவு என்பதில்தான் குழப்பம் அதிகம். மூன்று வயதுக்குள் ஓர் அரிசி மணி அளவு. மூன்றிலிருந்து ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு. விளம்பரத்தில் பிரஷ்ஷின் நீளம் முழுக்க அலை அலையாகப் பிதுக்கிக் காட்டுவது குழந்தைக்குரிய அளவே இல்லை. பேஸ்ட்டில் ஃபுளோரைடு இருக்க வேண்டும். கரையும் எனாமலில் தாது திரும்பப் படிய உதவுவது அதுதான். இந்தியாவில் விற்கும் பேஸ்ட்டில் ஃபுளோரைடு 1000 பி.பி.எம்.-ஐ, அதாவது பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கை, தாண்டக் கூடாது என்பதும், அந்த அளவை டியூபிலும் அட்டையிலும் அச்சிட வேண்டும் என்பதும் சட்டவிதி. பழப் படமும் பொம்மையும் போட்ட குழந்தைப் பேஸ்ட்டுகள் சிலவற்றில் 500-ஐ ஒட்டியே இருக்கும், சிலவற்றில் ஃபுளோரைடே இருக்காது. பொம்மையைப் பார்க்காமல் எண்ணைப் பாருங்கள்.

விழுங்கிவிட்டால் என்ன செய்வது என்று அஞ்சுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கலாம். 1000 பி.பி.எம். பேஸ்ட்டில் ஓர் அரிசி மணி அளவில் ஏறக்குறைய 0.1 மில்லிகிராம் ஃபுளோரைடு இருக்கிறது. குடிநீரில் அனுமதிக்கப்பட்ட உச்ச வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் மாவட்டங்களின் சில பகுதிகளில் நிலத்தடி நீரிலேயே ஃபுளோரைடு இந்த வரம்பை மீறி இருப்பதால், பற்களில் பழுப்புக் கறையோடு வளர்ந்த தலைமுறைகள் உண்டு. அதற்காகவே ஜப்பானிய நிதியுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கட்டப்பட்டு 2013-இல் திறக்கப்பட்டது. அந்தப் பகுதியில் இருப்பவர்கள் குழந்தைக்கு ஆழ்துளைக் கிணற்று நீரைக் கொடுக்காமல் குழாயில் வரும் ஆற்று நீரைக் கொடுக்க வேண்டும். பேஸ்ட் பற்றிப் பல் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்வது நல்லது.

துலக்கும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எதிரே நிற்கவைத்துத் துலக்கினால் குழந்தை தலையை ஆட்டும். உங்களுக்குக் கடைவாய் தெரியாது. தரையில் பாய் விரித்துக் கால்களை நீட்டி உட்காருங்கள். குழந்தையை அண்ணாந்து படுக்கவைத்து, அதன் தலை உங்கள் மடியிலும் கால்கள் உங்கள் பாதங்களின் பக்கமும் இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய நம் பாட்டிமார் காலில் போட்டுக் குளிப்பாட்டும் அதே அமைப்புதான், தலை மட்டும் இந்தப் பக்கம். இடது கையின் சுட்டு விரலால் மேலுதட்டைத் தூக்குங்கள். பிரஷ்ஷை ஈறும் பல்லும் சேரும் வரப்பில் சாய்த்து வைத்து, சிறு சிறு வட்டமாக அசையுங்கள். உதட்டின் நடுவில் ஈறோடு ஒட்டியிருக்கும் மெல்லிய சதையில் பிரஷ் இடித்தால் வலிக்கும், குழந்தை அடுத்த நாள் வாயைத் திறக்காது. அந்த இடத்தை விரலால் மறைத்துக்கொள்ளுங்கள். முன்பற்கள் முடிந்ததும் விரலைக் கன்னத்தின் உட்புறமாக நுழைத்து ஒதுக்கி, கடைவாய்ப் பற்களின் மேற்பரப்பை முன்னும் பின்னுமாகத் தேயுங்கள். குழந்தை அழுதால் வாய் அகலத் திறக்கும். வேலை சீக்கிரம் முடியும். இப்படிச் சொல்வது கல்நெஞ்சாகத் தோன்றலாம், ஆனால் தடுப்பூசி போடும்போதும் அது அழத்தான் செய்கிறது.

துலக்கிய பின் நுரையைத் துப்பச் சொல்லுங்கள். டம்ளர் டம்ளராகத் தண்ணீர் ஊற்றிக் கொப்பளிக்க வேண்டியதில்லை; பல்லில் ஒட்டியிருக்கும் ஃபுளோரைடு அப்படியே தங்கட்டும். ஏழு எட்டு வயது வரை பெரியவர் ஒருவர்தான் துலக்கிவிட வேண்டும். சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்ளத் தடுமாறும் விரல்கள் கடைவாயின் உட்புறத்தை ஒழுங்காகத் துலக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்ற பழமொழியைச் சொல்லி ஆலங்குச்சியோ வேலங்குச்சியோ போதாதா என்று கேட்கும் தாத்தாக்கள் இன்னும் இருக்கிறார்கள். உறுதியான தாடை உள்ள பெரியவருக்கு அது பொருந்தலாம். குச்சியை மென்று நாராக்கத் தெரியாத இரண்டு வயதுக் குழந்தைக்குப் பொருந்தாது. கரித்தூள், செங்கல் தூள், உப்பு, சொரசொரப்பான சிவப்புப் பல்பொடி ஆகியவை பால் பல்லின் மெல்லிய எனாமலைத் தேய்த்தெடுத்துவிடும்.

படி 4: மாதம் ஒருமுறை உதட்டைத் தூக்கிப் பாருங்கள்

சம்பள நாளோ அமாவாசையோ, மறக்காத ஒரு நாளை வைத்துக்கொள்ளுங்கள். பகல் வெளிச்சத்தில், வாசல் பக்கம், குழந்தையை மடியில் கிடத்தி மேலுதட்டைத் தூக்குங்கள். ஒரு துணியால் பல்லின் ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டுப் பாருங்கள். ஈரமாக இருக்கும்போது ஒளிந்துகொள்ளும் வெள்ளைக் கீற்று, காய்ந்ததும் மங்கலாக, சாக்பீஸ் தடவியது போலத் தெரியும். இந்தக் கட்டத்தில் கண்டுவிட்டால், இரவுப் பழக்கத்தை மாற்றி, மருத்துவரிடம் ஃபுளோரைடு பூச்சு போட்டுக்கொண்டு, பல்லைத் துளைக்காமலே நோயை நிறுத்த வாய்ப்பிருக்கிறது. அதே கீற்று மஞ்சளாகி, பழுப்பாகி, குழி விழுந்துவிட்டால் பல் தானாகத் திரும்பி வராது.

இரும்புச் சத்து மருந்து குடிக்கும் குழந்தைகளின் பற்களில் கரும்படலம் படிவதுண்டு. அது மேலோட்டமான கறை. பல்லின் மேற்பரப்பு வழவழப்பாக இருந்தால் கறை, விளிம்பு உடைந்து குழியாக இருந்தால் சொத்தை என்று பொதுவாகக் கொள்ளலாம். கறைக்குப் பயந்து மருந்தை நிறுத்தாதீர்கள். வலிப்புக்கோ வீசிங்குக்கோ நீண்ட நாள் சிரப் குடிக்கும் குழந்தை என்றால், அதில் பெரும்பாலும் சர்க்கரை இருப்பதால், குடித்ததும் தண்ணீர் குடிக்கக் கொடுங்கள். தூங்கப் போகும் நேரத்து மருந்தைத் துலக்குவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.

படி 5: தின்பண்டத்துக்கு நேரம் வையுங்கள்

இனிப்பே கூடாது என்று சட்டம் போட்டால் அதை மீறுவதற்கென்றே வீட்டில் ஒரு தாத்தா இருப்பார். நேரத்தைக் கட்டுப்படுத்துவது நடக்கக்கூடிய காரியம். சுவீடனில் விபெஹோல்ம் என்ற மனநல மருத்துவமனையில் 1940-களின் நடுவில் தொடங்கி நடத்தப்பட்ட ஆய்வில், சாப்பாட்டோடு சேர்த்து உண்ட சர்க்கரையைவிட, இடைவேளைகளில் தின்ற ஒட்டும் மிட்டாய்களே சொத்தையைப் பன்மடங்கு கூட்டின. ஆதரவற்ற நோயாளிகளுக்கு வேண்டுமென்றே மிட்டாய் கொடுத்துப் பல்லைக் கெடுத்துப் பார்த்த, இன்று எவரும் ஏற்க மாட்டாத ஆய்வு அது. ஆனாலும் அது காட்டிய உண்மை பொய்யாகவில்லை.

ஒரு லட்டை மதியச் சாப்பாட்டோடு முழுதாகத் தின்றால் அமிலத் தாக்குதல் ஒன்று. அதே லட்டை நாலு துண்டாக்கிக் காலை முதல் மாலை வரை கொடுத்தால் நாலு. காலை காபியில் நனைத்த பிஸ்கட், பத்து மணிக்கு ஒரு பாக்கெட் சிப்ஸ், வேலைக்குப் போகும் அப்பா சமாதானத்துக்கு வாங்கித் தந்த சாக்லேட், நான்கு மணிக்கு ரஸ்க், ஏழு மணிக்குப் பெட்டிக்கடை ஜெல்லி என்று போகும் நாளில் எச்சில் தன் வேலையை முடிக்க வழியே இல்லை. மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு முறை சிற்றுண்டி என்று நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த இரண்டுக்குச் சுண்டல், வேகவைத்த வேர்க்கடலை, முட்டை, கொய்யா, தயிர், ஆப்பம் என்று எதுவும் ஆகலாம். சின்னக் குழந்தைக்குக் கடலையைத் தொண்டையில் அடைக்காதபடி நன்றாக மசித்துக் கொடுங்கள். பிஸ்கட் இனிப்பில்லை என்ற எண்ணத்தையும் விட்டுவிட வேண்டும். மாவும் சர்க்கரையும் கலந்து, கடைவாய்க் குழிகளில் அப்பிக்கொள்ளும் பண்டம் அது.

படி 6: உங்கள் பல்லையும் பார்த்துக்கொள்ளுங்கள்

சொத்தைக்குக் காரணமான நுண்ணுயிரி பெரும்பாலும் வீட்டுப் பெரியவர்களின் எச்சில் வழியாகவே, பல தடவை தாயிடமிருந்தே, குழந்தைக்கு வருகிறது. சோற்றை மென்று ஊட்டுவதையும், ஊட்டும் ஸ்பூனை நீங்கள் சப்பிப் பார்த்துக் கொடுப்பதையும் தவிர்க்கலாம். அதற்காகக் குழந்தையை முத்தமிட அஞ்ச வேண்டியதில்லை. உங்கள் வாயில் திறந்து கிடக்கும் சொத்தையை அடைத்துக்கொள்வது இவை எல்லாவற்றையும்விடப் பயனுள்ளது.

கர்ப்பக் காலத்திலேயே இதைச் செய்துகொள்ளலாம். நாலாம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை பல் சிகிச்சைக்கு வசதியான காலம். வயிற்றுப் பிள்ளை தாயின் பல்லிலிருந்து சுண்ணாம்புச் சத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்பது உண்மையன்று. மசக்கை வாந்தியின் அமிலம்தான் பல்லைக் கெடுக்கிறது. வாந்தி எடுத்தவுடன் துலக்காமல், ஒரு சிட்டிகை ஆப்ப சோடா கலந்த நீரில் கொப்பளித்துவிட்டு, அரை மணி நேரம் கழித்துத் துலக்குங்கள்.

படி 7: வலிக்கும் முன்பே மருத்துவரிடம் போங்கள்

முதல் பிறந்த நாளுக்குள் ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். ஒரு வயதில் எதற்கு என்று கேட்பவர்கள், ஒன்றரை வயதில் போடும் தடுப்பூசிக்காகப் போகும் நாளிலாவது அதே வளாகத்தில் பல் மருத்துவர் இருக்கிறாரா என்று விசாரிக்கலாம். ஆர்.பி.எஸ்.கே. எனப்படும் தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஒருமுறையும் வருகின்றன. அவர்கள் பார்க்கும் குறைபாடுகளில் பல் நோயும் உண்டு. அன்றைக்குக் குழந்தையை லீவு போடவைக்காதீர்கள். அரசு பல் மருத்துவக் கல்லூரிகளில் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. சென்னையில் உள்ள கல்லூரி 1953 முதல் இயங்கி வருகிறது.

சிகிச்சை என்றால் பிடுங்குவது மட்டும் என்று அஞ்ச வேண்டாம். சிறு குழியை அடைக்கலாம். குழி ஆழமாகி நரம்பைத் தொட்டிருந்தால் பால் பல்லுக்கும் வேர் சிகிச்சை செய்து, மேலே எஃகுக் கவசம் போடலாம். அந்த வெள்ளித் தொப்பியைக் குழந்தைகள் பெருமையாகக் காட்டித் திரிவார்கள். நாற்காலியில் உட்காரவே மறுக்கும் குழந்தைக்கு, சில்வர் டையமைன் ஃபுளோரைடு என்ற மருந்தைத் துளைக்காமல் ஊசி போடாமல் தடவி, சொத்தை பரவுவதை நிறுத்த முடிகிறது. 2021-இல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இது சேர்க்கப்பட்டது. மருந்து பட்ட சொத்தை கருகருவென்று ஆகிவிடும்; முன்பல் என்றால் இதை முதலிலேயே பாட்டியிடமும் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பல்லைக் கெடுத்துவிட்டார்கள் என்று வீட்டில் சண்டை வரும்.

பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகும் என்ற அச்சத்தால் சீழ் பிடித்த பல்லை வைத்துக்கொண்டிருப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். கண்ணுக்கான நரம்பு வேறு, பல்லுக்கான நரம்பு வேறு. உண்மையில் அஞ்ச வேண்டியது அந்தச் சீழுக்குத்தான். கன்னமோ தாடையோ வீங்கி, காய்ச்சலும் சேர்ந்து, குழந்தை வாயைத் திறக்கவோ விழுங்கவோ சிரமப்பட்டால், விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றிரவே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். வலிக்கும் பல்லில் புகையிலையோ வலி மாத்திரைப் பொடியோ வைத்து அமுக்குவது ஈறைப் புண்ணாக்கும்.

விழுந்து அடிபட்டு முன்பல் முழுதாக வெளியே வந்துவிட்டால், அது பால் பல்லா நிலைப் பல்லா என்பதைப் பொறுத்துச் செய்ய வேண்டியது மாறும். பால் பல்லைத் திரும்பப் பொருத்தக் கூடாது. நிலைப் பல் என்றால் வேரைத் தொடாமல் எடுத்து, ஒரு டம்ளர் பாலில் போட்டு, அரை மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் போய்ச் சேருங்கள்; அந்தப் பல்லை மீட்க வாய்ப்புண்டு.

படி 8: ஆறு வயதில் சத்தமில்லாமல் வரும் பல்

ஆறு வயதை ஒட்டி, கடைசிப் பால் பல்லுக்கும் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே நான்கு புதிய கடைவாய்ப் பற்கள் முளைக்கின்றன. பல் விழவில்லை என்பதால் இவையும் பால் பற்கள்தான் என்று பல தாய்மார்கள் எண்ணிவிடுகிறார்கள். அவை நிலைப் பற்கள்; அறுபது எழுபது வயது வரை இருக்க வேண்டியவை. மேற்பரப்பில் ஆழமான வரிப்பள்ளங்களோடு, பாதி ஈறுக்குள் மறைந்தபடி, மற்றப் பற்களைவிடத் தாழ்வாக இருப்பதால், வழக்கம்போல் துலக்கும் பிரஷ் அவற்றின் மேல் படாமலே போய்விடும். பிரஷ்ஷைக் கன்னத்தின் பக்கமிருந்து குறுக்காக நுழைத்துத் துலக்க வேண்டும். பல் முழுதாக வெளிவந்ததும், அந்தப் பள்ளங்களை மூடும் சீலன்ட் என்ற மெல்லிய பூச்சைப் பல் மருத்துவர் போட்டுவிடலாம். வலி கிடையாது, ஊசி கிடையாது.

இதே வயதில்தான் கீழ் முன்பல்லும் ஆடத் தொடங்கும். விழுந்த பல்லைச் சாணத்தில் உருட்டிக் கூரைமேல் எறிவது உங்கள் வீட்டு வழக்கமானால் தாராளமாக எறியுங்கள். அன்று மாலையே குழந்தையை மடியில் கிடத்தி, செல்போன் டார்ச்சை அடித்து, கடைவாயின் கோடியில் ஈறைக் கிழித்துக்கொண்டு வெள்ளையாக ஏதாவது தெரிகிறதா என்று நான்கு மூலையிலும் பார்த்துவிடுங்கள்.